அறிக்கைக்கு முந்தைய தாள்கள்

டோர்ட்மண்ட்
11.02.2024

அன்புள்ள யோசப்பின் அக்காவுக்கு,

பிறேமா எழுதுகிறேன். நீங்களும் யூலியாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இவருக்குத்தான் முழங்கால் வலி, மாடிப்படியைக் கண்டாலே முகம் சுருங்குகிறது. உங்கள் கிறிஸ்மஸ் வாழ்த்துக்கு இவ்வளவு பிந்திப் பதில் எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். தொலைபேசியில் பேசத்தான் பார்த்தேன். யூலியாதான் எடுத்தாள். "ஃபோன் அடிச்சாலே அம்மா மற்ற அறைக்குப் போயிடுறா அன்ரி. கடிதம் போடுங்கோ, வாசிப்பா" என்றாள்.

எனக்கொரு உதவி வேண்டும், அக்கா. நாங்கள் இருவரும் வேலை செய்த அதே முதியோர் இல்லத்தில் என்னைப் பிரிவுப் பொறுப்பாளராக்கப் போகிறார்கள். அதற்காக வெள்ளிதோறும் வைட்டர்பில்டுங் என்ற மேற்பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் பள்ளிக்கூடப் பை! முடிவில் பதினைந்து பக்கத்தில் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். சொந்த வேலையில் கண்ட ஒரு பிரச்சினையை எடுத்து, அது ஏன் வந்தது, எப்படித் தவிர்க்கலாம் என்று எழுத வேண்டும். மே கடைசிக்குள் முடித்தாக வேண்டும்.

மூன்று ஞாயிறாக மேசையில் இருந்து பார்த்துவிட்டேன். ஆள் பற்றாக்குறை, மருந்து மாறுவது, சாப்பிட மறுப்பவர்கள், மறதிக்காரர்கள் என்று தலைக்குள் ஒரே நெரிசல். தாளில் தலைப்புக்கூட இல்லை. நீங்கள் மன்னாரில் நிவாரண நிறுவனத்தில் ஒன்பது வருடம் அறிக்கை எழுதினவர். எங்கே தொடங்குவது என்று மட்டும் சொல்லுங்கோ.

அன்புடன்,
பிறேமா

---

பிராங்பேர்ட்
25.02.2024

அன்பின் பிறேமா,

தபால்பெட்டியைத் திறந்ததும் உறையில் கிடந்த எழுத்து உம்முடையது என்று தெரிந்துவிட்டது. 'ற'வை இன்னும் குடை மாதிரித்தான் எழுதுகிறீர். நான் இங்கே வந்த மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது வருவீர் என்று பார்த்தேன். ரெயிலில் மூன்று மணித்தியாலம்தானே. சரி, கடிதமாவது வந்தது.

நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறேன். இயந்திரச் சத்தத்தில் அங்கே ஒருவரை ஒருவர் கூப்பிடுவதில்லை. எனக்கு அதுவே நிம்மதி.

இனி உம்முடைய அறிக்கை. நீர் விடும் பிழை, முதல் நாளே அறிக்கையை எழுதப் பார்ப்பது. அதற்கு முன்னால் வேறு எழுத்து இருக்கிறது. யாருக்கும் காட்டாத எழுத்து. சமையலறை மணிக்கூட்டில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, பேனையைத் தூக்காமல் எழுதும். தமிழில் எழுதும், ஜெர்மன் பிறகு வரும். பிழை திருத்தக் கூடாது, திரும்பி வாசிக்கவும் கூடாது. ஒன்றும் வராவிட்டால் "ஒன்றும் வரவில்லை" என்றே எழுதும், ஏதோ ஒன்று வரும். மறுநாள் வாசித்து, எந்த வரியில் மனம் நிற்கிறதோ அதன் கீழே கோடு போடும். அந்த வரியிலிருந்து இன்னொரு பத்து நிமிடம்.

பிறகு ஒரு பெரிய தாள் எடும். அந்த வரியில் முக்கியமான சொல்லை நடுவில் எழுதி வட்டம் போடும். அது எதையெல்லாம் நினைவுபடுத்துகிறதோ எல்லாவற்றையும் சுற்றிவர எழுதிக் கோடு இழுத்து இணையும். நல்லது கெட்டது பார்க்க வேண்டாம். கழிப்பது பிந்தித்தான்.

மீள்குடியேற்றக் கிராமமொன்றின் கிணறுகளைப் பற்றி நான் முதல்முதல் எழுதிய அறிக்கையில் நாற்பது விடயம் இருந்தது. எங்கள் அதிகாரி பென்ஜமின் வாசித்துவிட்டுச் சொன்னார், "பிள்ளை, இதுக்குள்ள கிணத்தைத் தவிர எல்லாம் கிடக்கு." அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். அடுத்த நாள் வட்டம் போடப் பழகினேன்.

வட்டம் போட்ட தாளை எனக்கு அனுப்பும். பார்த்துச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
யோசப்பின் அக்கா

---

டோர்ட்மண்ட்
10.03.2024

அன்புள்ள அக்கா,

சொன்னபடி செய்தேன். முதல் நான்கு வரியும் "ஒன்றும் வரவில்லை" தான். ஐந்தாவது வரியில் இவருடைய முழங்கால் வந்தது. இவர் எட்டிப் பார்த்து, "இதையும் வகுப்பில குடுக்கப் போறியோ?" என்று கேட்டார். கதவைச் சாத்திவிட்டு எழுதினேன். நிறுத்தும்போது இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. அதில் இப்படி ஒரு வரி: "வயோதிபர் தேவைக்காக மட்டும் கூப்பிடுவதில்லை, பயத்தினாலும் கூப்பிடுகிறார்கள்." எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதன் கீழே கோடு போட்டேன்.

பெரிய தாளின் நடுவில் 'விழுதல்' என்று எழுதினேன். எங்கள் பகுதியில் போன வருடம் மட்டும் பதினொரு பேர் விழுந்தார்கள். சுற்றிவர எழுதியதைப் பார்ப்பீர்கள்: ஈரத் தரை, செருப்பு, தூக்க மாத்திரை, கண்ணாடி, வேலைமுறை மாறும் நேரம். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

செருப்பைப் பற்றி எழுதலாமா என்று யோசிக்கிறேன். சின்னத் தலைப்பு, படமும் போடலாம். பதினைந்து பக்கம் வந்துவிடும். என்ன சொல்கிறீர்கள்?

வர முடியாமல் போனதற்கு மன்னியுங்கோ. வேலை, வீடு என்று சொல்லலாம். அது சாட்டுத்தான்.

அன்புடன்,
பிறேமா

---

பிராங்பேர்ட்
23.03.2024

அன்பின் பிறேமா,

உம்முடைய தாளை வேலைக்குப் போகும்போது எஸ்-பான் ரெயிலில் விரித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் ஏதோ வரைபடம் என்று நினைத்திருப்பார்.

செருப்பு வேண்டாம். அதை எழுத உமக்கு விருப்பமில்லை என்று தாளே சொல்கிறது. அந்தச் சொல்லிலிருந்து ஒரு கோடுதான் போகிறது. 'வேலைமுறை மாறும் நேரம்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு சொல்லை எழுதி வெட்டியிருக்கிறீர். தாள் கிழியும்வரை வெட்டியிருக்கிறீர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'மணி' என்று இருக்கிறது.

என்னை நினைத்துத்தான் வெட்டினீர் என்று விளங்குகிறது. வெட்ட வேண்டாம், பிறேமா. திருமதி ஹெல்பிக் விழுந்த மத்தியானத்தைப் பற்றியே எழுதும். நான் சம்மதிக்கிறேன், பெயரை மட்டும் விட்டுவிடும். பன்னிரண்டாம் அறையில் அந்த மனுசி கட்டிலோரத்து அழைப்பு மணியை அடித்தார், எனக்குக் கேட்கவில்லை, தானாக எழும்பி விழுந்தார், பதினாறாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். மருந்தறையில் இருந்த உமக்குக் கேட்ட மணி, இரண்டு அறை தள்ளி நின்ற எனக்குக் கேட்கவில்லை. காது டொக்டரிடம் இரண்டு தரம் போனேன். காதில் ஒரு குறையும் இல்லை என்கிறார். அப்படியென்றால் என் புத்தி எங்கேயோ நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு என்னை நானே நம்புவதில்லை. காரை யூலியாவிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். ஒருவருக்கும் இப்படி நடக்காமல் உம்முடைய அறிக்கை உதவினால் எனக்கு ஆறுதல்தான்.

இப்போது குறுக்க வேண்டிய நேரம். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்று ஆறு கேள்வியையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே வசனத்தில் பதில் எழுதும். பிறகு பதில்களை மூன்று விதமாகச் சோதியும். இதை என் கண்ணால் கண்டேனா? இதை வாசிப்பவர் நாளைக்கு எதையாவது மாற்றிச் செய்ய முடியுமா? பதினைந்து பக்கத்துக்குள் அடங்குமா? தேறாததை வெட்டும். கடைசியில் ஒரு வசனம் மிஞ்சும். அதுதான் அறிக்கை, மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

அன்புடன்,
யோசப்பின் அக்கா

---

டோர்ட்மண்ட்
07.04.2024

அக்கா,

இரண்டு கிழமையாக இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கி விட்டேன்.

ஆறு கேள்வியையும் எழுதினேன். 'எப்போது, எங்கே' என்பதற்கு உடனே பதில் வந்தது. 'யார்' என்ற கேள்வியில் நின்றுவிட்டேன். எதை எழுதி எதை வெட்டினாலும் ஒரு வசனம்தான் மிஞ்சியது. அதை உங்களுக்கு முதலில் எழுதாமல் வேறு எங்கேயும் எழுதக் கூடாது.

திருமதி ஹெல்பிக்கின் மணியை அவருக்கு எட்டாத இடத்தில் வைத்தது நான்.

அன்று காலையிலிருந்து அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அடித்துக்கொண்டிருந்தார். போனால் ஒன்றுமில்லை, என் கையைப் பிடித்துக்கொள்வார். காலை வேலைக்கு இருவர் வரவில்லை. இரண்டு மணிக்கு உங்களிடம் பொறுப்புக் கொடுக்குமுன் மருந்துகளைப் பிரித்துவிட வேண்டும். மணியின் வயரைத் தூக்கிக் கட்டிலுக்குப் பின்னால் சுவரிலிருந்த கொளுவியில் போட்டேன். அரை மணித்தியாலம் என்று நினைத்தேன். பிறகு மறந்துபோனேன். உங்களிடம் சொல்லவும் மறந்தேன்.

அவர் விழுந்த சத்தத்துக்கு இருவரும் ஓடினோம். நீங்கள் நிலத்தில் முழந்தாளில் இருந்து அவருடைய தலையைத் தாங்கினீர்கள். நான் கொளுவியிலிருந்து மணியை எடுத்துக் கட்டிலில் போட்டேன். "நான் கூப்பிட்டேன், ஒருவரும் வரவில்லை" என்று அவர் ஆஸ்பத்திரியில் சொன்னதை, மணி அடித்தார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய கட்டடத்தில் மணி ஒலிக்கும், பதிவாகாது. இல்லத் தலைவி என்னிடம் "உங்களுக்குக் கேட்டதா?" என்று கேட்டார். அடுத்த நாள்தான் எனக்கு நிரந்தர வேலைக் கடிதம் கையெழுத்தாக இருந்தது. "ஓம், கேட்டது" என்றேன்.

மணி அடிக்கவில்லை, அக்கா. உங்கள் காதிலும் புத்தியிலும் ஒரு குறையும் இல்லை. நீங்கள் காரைக் கொடுத்ததை, அடுப்பைப் பார்ப்பதை எழுதியிருந்தீர்கள். வேலை ஒன்றுதான் போனது, பிராங்பேர்ட்டில் மகளோடு நல்லாய் இருக்கிறீர்கள் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் வந்து பார்க்கவில்லை. வந்தால் தெரிந்துவிடும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

பிறேமா

---

டோர்ட்மண்ட்
02.06.2024

அன்புள்ள அக்கா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அறிக்கையை எழுதி முடித்தேன். வகுப்பில் கொடுக்குமுன் இல்லத் தலைவியிடம் கொண்டுபோனேன். கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் எனக்கு முன்னாலேயே வாசித்தார். "ஏன் இப்போது?" என்று கேட்டார். வைட்டர்பில்டுங்கிலிருந்து நின்றுவிட்டேன், வேலையிலிருந்தும் விலக்கி வைத்திருக்கிறார்கள். மேற்கொண்டு என்ன நடக்கும் என்று தெரியாது. உங்கள் மேல் தவறில்லை என்று அவர்கள் எழுதிய தாள் தபாலில் வரும். இவருக்கும் சொல்லிவிட்டேன். "அந்த மனுசி எங்கட வீட்டில எத்தினை தரம் சாப்பிட்டிருக்கு" என்றார்.

திருமதி ஹெல்பிக்கின் மகனுக்கும் அறிவித்தார்கள். என்னைச் சந்திக்க விரும்பினார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். "அம்மாவின் தலைமுடியைப் பின்னிவிடுவாரே, அவர் எங்கே?" என்று கேட்டார். அடக்கத்தன்று நீங்கள் நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லையாம். உங்களுக்கு எழுத முகவரி கேட்டார். உங்களைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கொடுக்கலாமா, அக்கா?

பிறேமா

---

பிராங்பேர்ட்
16.06.2024

திருமதி பிறேமா ஜேசுரட்ணம் அவர்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. இல்லத்திலிருந்து வந்த தாளும் கிடைத்தது. பழையபடி உங்களை அழைத்து எழுதத்தான் தொடங்கினேன். இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன், கை வரவில்லை.

ஏப்ரலில் முதற்கடிதத்தை வாசித்தபோது யூலியா பயந்துபோய், "என்னம்மா, ஆர் செத்தது?" என்று கேட்டாள். கடிதத்தைக் கொடுத்தேன். வழக்கறிஞரிடம் போவோம் என்றாள். நான் மறித்துவிட்டேன். உங்களுக்காக அல்ல. அந்த மத்தியானத்தை இன்னும் ஆட்களுக்கு முன்னால் சொல்ல எனக்கு ஏலாது.

மணியைக் கொளுவியில் போட்டதைப் பற்றி எனக்குக் கோபமில்லை. களைத்த கை அப்படிச் செய்யும், நானும் செய்திருக்கக்கூடும். வேலைக்குப் பயந்து ஒருநாள் பொய் சொன்னதைக்கூட விளங்கிக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் நான் உங்களிடம் கேட்டேன். உடைமாற்றும் அறையில், "பிறேமா, மெய்யாவே மணி அடிச்சதோ?" என்று கேட்டேன். அடக்கம் முடிந்து வரும்போது கேட்டேன். டோர்ட்மண்டை விட்டுப் புறப்பட்ட அன்று ரெயில் மேடையில் நின்று கேட்டேன். மூன்று தரமும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் அக்கா, அடிச்சது" என்றீர்கள். அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

நீங்கள் அந்த அறிக்கையை எழுதியது லேசான காரியமல்ல என்று தெரியும். எழுதாமலே இருந்திருக்கலாம், எனக்குத் தெரிந்தே இருக்காது. அதற்கு நன்றி. போன சனிக்கிழமை யூலியாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு நான்தான் காரை ஓட்டினேன்.

ஹெல்பிக்கின் மகனுக்கு என் முகவரியைக் கொடுங்கள். அவருடைய அம்மா கடைசிக் கிழமைகளில் என்னவெல்லாம் பேசினார் என்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்வேன்.

நீங்கள் இனி அந்த முகவரிக்கு எழுத வேண்டாம்.

யோசப்பின் இன்னாசித்தம்பி