இரண்டாம் நம்பர் சிஸ்டத்தில் உன் பெயர்

இன்று காலை நம் இன்டர்நெட் கடையைத் திறந்ததும் இரண்டாம் நம்பர் சிஸ்டத்தில் ஒரு படிவத்தைத் திறந்து, பெயர்க் கட்டத்தில் 'எம்' என்று தட்டிப் பார்த்தேன். கீழே எதுவும் வரவில்லை. நீ போன இந்த ஒன்றேகால் வருஷமாக, அந்த எழுத்தைத் தட்டினால் உன் பெயர் வந்து நிற்கும். கூடவே படப்பை வீட்டு முகவரி, போன் நம்பர், எல்லாம். கடை போட்ட புதிதில் கரண்டு கனெக்‌ஷனுக்கு விண்ணப்பித்தபோது, சேமிக்கட்டுமா என்று பிரவுசர் கேட்டிருக்கும், நீயும் சரி என்று அமுக்கியிருப்பாய். போன செவ்வாய்க்கிழமை அதை நான் நீக்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் முழுக் கதையையும் கேள்.

கடைக்கு வருகிறவர்கள் இன்னமும் அதே ஆட்கள்தான், அதே கோளாறுகள்தான். "எழுத்தெல்லாம் பூதம் மாதிரி ஆயிடுச்சு, என் கண்ணுதான் போச்சோன்னு பயந்துட்டேன்" என்று வருகிறவர்களுக்குக் கன்ட்ரோலையும் சைபரையும் சேர்த்து அமுக்கிக் காட்டி அனுப்புகிறேன். அந்த ஒரகடம் சூப்பர்வைசரை நினைவிருக்கிறதா? சான்றிதழ் இறங்கவே இல்லை, அரசாங்கமே ஏமாற்றுகிறது என்று கத்தினாரே. நானும் அவரோடு சேர்ந்து சர்வரைத் திட்டி மௌஸைத் தட்டிக்கொண்டிருந்தேன். நீ எழுந்து வந்து, "மௌஸு இன்னாடீ பண்ணும்?" என்றாய். பிறகு அவரிடம் திரும்பி, "சார், கடைசியா இன்னா அமுத்துனீங்க?" என்று கேட்டாய். அவர் டவுன்லோடை நாலு தடவை அமுக்கியிருந்தார். முகவரிப் பட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் இருந்தது. புது ஜன்னல் திறக்க வந்ததைப் பிரவுசரே தடுத்து வைத்திருந்தது. நீ அனுமதி கொடுத்ததும், அவருடைய சான்றிதழ் நாலு ஜன்னலில் வரிசையாக வந்து நின்றது. அதற்குப் பிறகு அவர் உன்னிடம் மட்டும்தான் வேலை கொடுப்பார்.

கடைசியா இன்னா அமுத்துன என்ற அந்தக் கேள்வி நாம் முன்பு வேலை பார்த்த கம்பெனியிலிருந்து நீ கொண்டுவந்தது. ஒரே லைனில் எதிரெதிரே நின்று எட்டு வருஷம் ஸ்க்ரூ போட்டவர்கள் நாம். பீஸ் ரிஜெக்ட் ஆனால் மிஷினைக் குறை சொல்லக் கூடாது, கடைசியாக யார் கை பட்டது என்றுதான் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் நீ அங்கிருந்தே கொண்டுவந்தாய். ஒரு மாடல் முடிந்து அடுத்த மாடல் ஓட்டுவதற்கு முன், பழையதில் ஒரு ஸ்க்ரூகூட மேஜையில் கிடக்கக் கூடாதே, அந்த லைன் கிளியர். கடையிலும் ஓர் ஆள் எழுந்து போனால், அவர் திறந்ததை எல்லாம் மூடி, லாகவுட் பண்ணி, தடயத்தை அழித்த பிறகுதான் அடுத்தவரை உட்கார வைப்பாய். "லைன் கிளியர் பண்ணிட்டு ஒக்கார வைடீ. போனவங்க தடம் இங்க இருக்கக் கூடாது" என்பாய். வெளியில் நாலு பேர் காத்திருக்கும்போது இது தேவையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊருக்கெல்லாம் லைன் கிளியர் செய்தவள் உன் தடத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனாய். எனக்கு அதை அழிக்க மனம் வரவில்லை. சேமித்ததை மொத்தமாக அழித்தால் உன் பெயரும் போய்விடுமோ என்று பயந்து, இரண்டாம் நம்பரில் மட்டும் எதையுமே அழிக்காமல் விட்டேன். பழைய பக்கங்கள் சேர்ந்து சேர்ந்து அது அடிக்கடி முரண்டு பிடிக்கும். பிடிக்கட்டும் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு முத்துமாரி ஓடிவந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மூன்று வருஷம் லைனில் நின்றுகொண்டே படித்து, நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்து, சீட்டும் வாங்கிவிட்டாள். விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது நான்தான்.

"யக்கா, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணணுமாம். என் போன்ல அந்தப் பட்டனையே காணோம். சீட்டு போயிருமோக்கா?"

இரண்டாம் நம்பர்தான் காலியாக இருந்தது. அதிலும் பட்டன் இல்லை. புதுப்பித்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை. சர்வரைத் திட்ட வாயைத் திறந்தவள், உன்னை நினைத்து மூடிக்கொண்டேன். பழையது எதையும் எடுக்காத மறைநிலை ஜன்னலில் திறந்ததும் பட்டன் பளிச்சென்று இருந்தது. முன்பு எப்போதோ திறந்த பழைய பக்கத்தையே பிரவுசர் எடுத்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அப்பாடா என்று அமுக்கினேன். 43 என்று முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாக வந்தது.

"அது என் நம்பரு இல்லக்கா. என்னுது பூஜ்யம் எட்டுல முடியும்" என்றாள் முத்துமாரி.

கடைசியா இன்னா அமுத்துன என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விண்ணப்பம் போட்ட அன்றைக்கு அவசரத்தில், லைன் கிளியரும் இல்லாமல் இதே சிஸ்டத்தில் உட்கார்ந்து 'எம்' என்று தட்டி என்டரை அமுக்கியிருக்கிறேன். உன் விவரம் மொத்தமும் கட்டங்களில் விழுந்திருக்கிறது. பெயரை மாற்றினேன், முகவரியை மாற்றினேன், போன் நம்பரை விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் மூன்று வருஷப் பாடு உன் நம்பரில் போய் மாட்டியிருந்தது.

அந்த நம்பரைக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. காரியத்துக்கு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு உன் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. கடைசி நாள், தலைவலிக்கிறது, சீக்கிரம் கிளம்புகிறேன் என்று நீ சொன்னபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போ, எப்பவும் போல நானே மாரடிக்கிறேன்" என்றேன். மூன்றாம் நாள் நீ இல்லை. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு உன் வீட்டுக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது? நம்பர் உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியாது. மணி நாலேகால். முத்துமாரி துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டேன்.

மணி அடித்தது. எடுத்தார்.

"மிளகாவா?"

உன் வீட்டுக்காரர் குரல்.

"இதுல 'மிளகா'ன்னு வருது. நீதானம்மா? அவ அப்பிடித்தான் போட்டு வச்சிகீறா."

எட்டு வருஷம் லைனிலும் மூன்று வருஷம் கடையிலும் கூடவே இருந்துவிட்டு, என்னை மிளகாய் என்றா பதிந்து வைத்திருந்தாய்? அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன்.

"பதறாதம்மா. கம்பெனி பஸ்ஸ ஓரங்கட்டி நிறுத்திட்டுதான் கீறேன், ஷிப்டு வுட இன்னும் நேரம் கீது. திருப்பி அனுப்பு."

அனுப்பினேன். ஒவ்வோர் எண்ணாக, இரண்டு இரண்டு தடவை படித்தார். நாலு முப்பத்திரண்டுக்கு உறுதி செய்யப்பட்டது என்று வந்தது. முத்துமாரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிரின்ட்டைக் கையில் கொடுத்து, அவளுடைய நம்பரையும் சரியாக மாற்றிக் கொடுத்தேன்.

போனை வைக்காமல் அவர் அப்படியே இருந்தார்.

"நம்பரை விடாம வச்சிருக்கீங்களே, அண்ணே."

"கடைக்கு வர்றவங்க பாதி பேருகிட்ட இந்த நம்பருதானம்மா கீது. அவசரத்துக்கு யார்னா கூப்டுவாங்கன்னு ரீசார்ஜ் பண்ணிகினு வரேன். நீதான் கூப்டவேயில்ல."

நான் அந்தக் கடைசி நாள் வார்த்தையைச் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்ததுமே சொன்னா. 'மிளகா கத்திச்சு, ஆனா கடைய அது பாத்துக்கும், நான் நிம்மதியா படுக்கறேன்'னு. சிரிச்சிகினுதாம்மா சொன்னா. இத்தினி நாளா இதையா மனசுல வச்சிகினு இருந்த?"

பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் கடையில் ஆள் இல்லாதபோது, இரண்டாம் நம்பரில் அமைப்புகளைத் திறந்து, சேமித்த முகவரிகளில் உன் பெயரைத் தேடிப் பிடித்தேன். நீக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். பிறகு பழைய பக்கங்களையும் மொத்தமாக அழித்தேன். இப்போது அந்தச் சிஸ்டம் ஓடுகிற வேகத்தை நீ பார்க்க வேண்டும்.

அடுத்த ஆள் உட்காரும் முன் நானே தடத்தை அழிக்கிறேன், வெளியில் பத்துப் பேர் நின்றாலும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடப் படப்பைக்கு வரச் சொல்லியிருந்தார் உன் வீட்டுக்காரர், அதற்காகத்தான் இருக்கும். என் போனில் இன்னும் உன் பெயரில்தான் வருகிறது. திடுக்கிடவில்லை, எடுத்தேன்.

"சொல்லுங்கண்ணே, மிளகாதான் பேசறேன்."