கருங்கல் வீட்டின் கதவு

செவ்வாய்க் கோள், வடக்குப் பள்ளத்தாக்கு
பதிவு: திலகவதி, காற்றுப் பொறியாளர்

முற்றுகை நாள் 38. காலை 07:10
உள்ளே பத்தொன்பது பேர். காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் ஒன்பது நாளுக்கு வரும். கிழக்குச் சுவரில் குண்டு பட்டு விரிசல், பிசின் பூசினேன். குடியேற்றம் இரண்டாகப் பிளந்து சண்டை மூண்டபோது, சுவர் கனமென்று இந்த வீட்டுக்குள் வந்து அடைந்தோம். தெற்கிலிருந்து உதவிப்படை வரும் என்கிறார் தளபதி சவரிமுத்து.

நாள் 40. காலை 11:25
விடியற்காலையில் விரிசல் பெரிதாகிவிட்டது. சமையல்கட்டில் இருந்த மரகதம் மூச்சுத் திணறிச் செத்தாள். தானாக மூடிக்கொண்ட கதவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.
வானொலியில் இசக்கியப்பன். வெளியே முற்றுகையிட்டிருக்கும் எதிரணிப் படைக்குத் தலைவன். போருக்கு முன் ஆறு வருடம் என்னோடு குழாய் பதித்தவன்.
“அக்கா, கதவத் தொறக்கச் சொல்லுங்க. ஒருத்தர் மேலயும் கை வைக்க மாட்டோம். என்னைத் தெரியாதா உங்களுக்கு?”
தெரியும் என்றுதான் நினைத்தேன்.

நாள் 41. காலை 09:40
ஆக்சிஜன் இரண்டு நாளுக்குத்தான் வரும் என்று சவரிமுத்துவிடம் சொன்னேன். பொய். ஆறு நாளுக்கு இருந்தது. அவர் பார்ப்பார் என்று அளவுமானியைக்கூட மாற்றி வைத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை.
“நீ சொன்னா சரிதாம்மா” என்றார்.

பிற்பகல் 14:00
வெள்ளைத் துணி காட்டினோம். கதவைத் திறந்தோம்.

16:30
ஆயுதம் தூக்கிய எட்டுப் பேரைத் தனியே பிரித்தார்கள். தலைக்கவசம் இல்லாமல் வெளியே தள்ளினார்கள். சவரிமுத்து முதலில். போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார், தைரியமாக இரு என்பதுபோல. அதைத் தாங்க முடியவில்லை.
இசக்கியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “மேலிடத்து உத்தரவுக்கா.”

நாள் 43. காலை 10:05
“கருங்கல் வீடு, கேக்குதா? உதவிப்படை பேசுறோம். மூணு வண்டி, இருபத்தாறு பேர். சாயங்காலத்துக்குள்ள வந்துருவோம். காத்து இருக்கா?”
இருந்தது. காத்திருந்திருக்கலாம்.
இசக்கியப்பன் ஒலிவாங்கியை நீட்டினான். சுவரோரம் மீதி ஒன்பது பேர் மண்டியிட்டிருந்தார்கள், பின்னால் துப்பாக்கிகள். “எப்பவும் பேசுற மாதிரி பேசுங்கக்கா.”
பேசினேன்.

15:50
இதைப் படிக்கிறவர்களுக்கு, நான் சொன்னது இதுதான்: “இருக்கு. எல்லாரும் நல்லாருக்கோம். நேரா முன்வாசலுக்கே வாங்க.” குரல் நடுங்கவே இல்லை.
முன்வாசலில் இசக்கியப்பனின் ஆட்கள் துப்பாக்கியோடு பதுங்கியிருக்கிறார்கள். சன்னலில் தூசி தெரிகிறது. ஒன்று. இரண்டு. மூன்றாவதும் வருகிறது. எங்கும் நிற்கவில்லை, சந்தேகப்படவில்லை. முதல் வண்டி விளக்கை எரித்து எரித்து அணைக்கிறது. வந்துவிட்டோம் என்று எங்களுக்குச் சைகை காட்டுகிறது.