புள்ளிகளைப் பற்றி நீ சொன்னது

பூதலூர்,
அக்டோபர் 2006

அன்பு மகன் ஆன்டோவுக்கு அப்பா எழுதுவது. பூண்டி மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், கனடாக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, சம்பா நடவு முடிந்தது, மேலத்துண்டில் மட்டும் எலி. அம்மா ஏன் இப்போதெல்லாம் போன் செய்வதில்லை என்று கேட்டிருந்தாய், காரணம் நீதான். கிறிஸ்மஸுக்கு வருவாயா என்று அவள் கேட்டாள், சினிமாவுக்கு வெட்டுக்கிளிக் கூட்டம் செய்கிற வேலை முடியவில்லை என்றாய், அதென்ன முடியாத வேலை என்று அவள் கேட்க, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பூச்சி, "இழுக்குற விசை மட்டும் வச்சா எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து நாசமாயிடும்மா, தள்ளுற விசையும் வேணும்" என்று விளக்கினாய். போனை வைத்துவிட்டு "இழுக்குறதுன்னு என்னைத்தான் சொல்றான்" என்றாள். புள்ளியைச் சொல்கிறான் என்றேன். "புள்ளிக்குப் போயி யாருங்க இவ்வளவு மெனக்கெடுவா" என்றாள்.

அந்தப் புள்ளிகளைப் போட்டு நீ நண்பனிடம் கொடுத்தனுப்பிய சிடியை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் பக்கத்தில் துரைராசு வைத்திருக்கும் பிரவுசிங் சென்டருக்கு அவளைக் கூட்டிப்போனேன். அவன் ஓட்டிக் காட்டினான். புள்ளிகள் கூட்டமாகச் சுற்றின, பூச்சி போலவே இருந்தது, எனக்கு மருந்தடிக்கத் தோன்றியது. "தம்பி, அந்தத் தள்ளுறத எடுத்துவிடுங்க" என்றாள் அம்மா. எடுத்தான். எல்லாப் புள்ளிகளும் நடுவில் ஓடிவந்து ஒரே குவியலாயின, அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. உடனே ஒன்றோடொன்று மோதி, குவியல் சிதறித் திரையை விட்டே வெளியே போய்விட்டது. வெறும் திரையைப் பார்த்தபடி, திரும்பி வராதா என்று கேட்டாள். "வராதுக்கா, மொதல்லேருந்துதான் ஓட்டணும்" என்றான். ஓட்டச் சொல்லி, மவுஸை அவளே பிடித்து, இரண்டு விசையையும் கூட்டிக் குறைத்து, புள்ளிகள் மோதாமல் சுற்றும்வரை எழுந்திருக்கவில்லை. பின்னால் ரிசல்ட் பார்க்கக் காத்து நின்றவர்களிடம் நான்தான் பேச்சு வாங்கினேன். திரும்பி வரும் வழியில் "அவன் என்னைச் சொல்லலைங்க, சொல்லியிருந்தாலும் தப்பில்ல" என்றாள். நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே கிறிஸ்மஸுக்கு நீ அவசரப்பட்டு வரவேண்டாமாம், வேலை முடிந்ததும் நாங்கள் அங்கு வருகிறோமாம். தஞ்சாவூரில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாகிவிட்டது, என்னை இருமும்போது எடுத்துவிட்டார்கள். வயலைப் பக்கத்து வயல் பஞ்சநதம் பார்த்துக்கொள்வார், அவரிடமும் அவளே பேசிவிட்டாள். எத்தனை நாள் தங்கலாம் என்பதை மட்டும் நீயே சொல்ல வேண்டும் என்கிறாள். கல்யாணமாகி வந்த நாளாய் அவள் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை, அதனால் யோசித்துச் சொல்.

ஞாயிறு பூசையை விடாதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே. மாதா உன் கையையும் கண்ணையும் காக்கட்டும்.

அன்பு அப்பா,
இருதயசாமி