விடுபட்ட ‘உம்’

மார்ச் 4

பொறுப்பான ஆய்வுக்கான நெறிமுறைக் குழுவில் இன்று என் வரைவை வாசித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒப்புதல் படிவத்தில் ஆய்வில் சேர்பவரின் கையெழுத்து ஒன்றுக்குத்தான் இடம். நம் வீடுகளில் யாரும் தனியாக முடிவெடுப்பதில்லை, ஆகவே ‘குடும்பத்தையும் கேட்க வேண்டும்’ என்று எழுதியிருந்தேன்.

“நம்ம பக்கம் பேச ஒருத்தராவது இருக்கீங்களே!” என்றார் இயக்குநர். உச்சி குளிர்ந்துபோனது எனக்கு.

மார்ச் 19

வரைவை ஏற்றுவிட்டார்கள்.

ஏப்ரல் 8

எங்கள் ஆய்வுக்காக, முதியவர்கள் விழுந்தால் பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும் கருவியைப் பொருத்திய வீடுகளுக்குப் போனேன். அறையில் பேசுவதையும் அது பதிவு செய்யும். ஒரு வீட்டில் அதன்மேல் துண்டு தொங்கியது. தொங்கவிட்டவர் முப்பது வருடம் தையற்கடை நடத்திய அம்மா.

“தங்கச்சி வந்தா மருமகளப் பத்தி நாலு வார்த்தை திட்டுவேன். அதுக்கும் வழியில்லாமப் போச்சு.”

“உங்ககிட்ட கேக்கலையாம்மா?”

“என்னை யாரு கேட்டா? பையன் கையெழுத்துப் போட்டான். ஆணி அடிச்சிட்டுப் போயிட்டாங்க.”

ஏப்ரல் 9

அச்சான நெறிமுறையைப் புரட்டினேன். ‘குடும்பத்தைக் கேட்க வேண்டும்.’ ‘உம்’ இல்லை!

இயக்குநரிடம் போனேன். “ரெண்டு எழுத்துக்கா இவ்ளோ ரகளை? ஒவ்வொருத்தரா கேட்டுட்டிருந்தா எப்ப முடிக்கிறது? நம்ம பண்பாடுன்னு எழுதினதே நீங்கதானே.”

நான்தான். அறைக்குத் திரும்பினேன்.

‘உம்’ இருந்திருந்தால் மட்டும்? எங்கள் வீட்டில் எல்லாரும் கூடிப் பேசியபோதெல்லாம் அம்மா சமையலறையில்தானே இருந்தாள்? அது ஏன் எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை?

ஏப்ரல் 22

‘அவரவரையே கேட்க வேண்டும்’ என்று குழுவுக்குக் கடிதம் எழுதி ஒரு வாரம். பதில் இல்லை.

மே 6

தையற்கடை அம்மாவின் மகனுக்கு ஏக மகிழ்ச்சி. “அம்மா இப்பல்லாம் சண்டையே போடுறதில்ல மேடம்.” அறிக்கையில் அதைப் பயன்கள் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள்: ‘வீட்டில் அமைதி கூடியது.’ பாவிகளா, அவங்க பேசுறதையே நிறுத்திட்டாங்கடா!

மே 13

ஆய்விலிருந்து விலகும் படிவத்தோடு தையற்கடை அம்மாவிடம் போனேன். இதற்கு அவர் கையெழுத்து ஒன்றே போதும். கருவிக்குக் கேட்காதபடி என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு வந்து, படிவத்தை முழுக்கப் படித்தார். பேனாவையும் வாங்கினார். பிறகு இரண்டையும் என் கையிலேயே திணித்தார்.

“போட்டா பையன் முகம் சுருங்கிடும்மா. நான் அவன்கூடத்தானே இருந்தாகணும். நீ வந்து கேட்டியே, அது போதும்.”

போதுமா?

மே 20

விலகியோர் பட்டியல் கேட்டார்கள். ‘எவரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.