வகுப்புப் பக்கத்தில் ஒரு வேலை விளம்பரம்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி இப்போது தேவலையா? பருத்திப்பட்டில் நான் சுகம்தான்.

என் மாணவர்கள் படிக்க வேண்டிய லிங்க்குகளை இணையத்தில் ஒரு பொதுப் பக்கத்தில் சேமித்துவைப்பேன் என்று சொன்னேனே, போன வாரம் மார்த்தாண்டத்துக் கல்லூரி ஒன்றின் வேலை விளம்பரத்தையும் தவறுதலாக அதிலேயே சேமித்துவிட்டேன். வருஷம் முழுக்க நான் தேடிச் சேர்த்த பாடங்களை ஒருத்தரும் திறக்கவில்லை. இதை மட்டும் வகுப்பே திறந்து பார்த்திருக்கிறது! "இன்னா மேடம், ஊருக்குக் கெளம்பிட்டீங்களா?" என்று அபிஷேக் என்பவன் கீழே எழுதியிருந்தான். ஹெச்.ஓ.டி. கூப்பிட்டு, "போறதுன்னா தாராளமா போங்க, ஆளா கெடைக்காது?" என்றார். அவர் முன்னாலேயே சிரித்துக்கொண்டு அந்த விளம்பரத்தை அழித்தேன். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

இங்கே சோறு தொண்டையில் இறங்கவில்லை. டேவிட் அண்ணன் வரும்போது கொஞ்சம் சம்பா அரிசி கொடுத்துவிடுங்கள். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. நம் ஊர்ப் பக்கம் வேறு வேலை விளம்பரம் வந்தால், பேப்பரிலிருந்து வெட்டி அரிசிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பெனிஷா