கனியின் பெயருக்கு வந்த தடை

கிருபாநல்லூர்,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள மகள் கனிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் என்னை இன்னும் எடுத்துக்கொள்ளாமல் வைத்திருக்கிறார், அதற்குத் தோத்திரம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பெனிஷாவும் அந்த ஜபல்பூர்க் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நின்று கேட்கிறேன், முழங்கால் மடங்காத அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து கேட்கிறேன். பெனிஷாவின் இருமல் விட்டதா இல்லையா, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறோம் என்று மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டிருக்காதே, ஆடாதோடை இலை காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போன் என்றால் நீ பாதியிலேயே இரும்மா இரும்மா என்று உன் பேச்சைத் தொடங்கிவிடுவாய், தம்பி எபி வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். காகிதம் என்றால் கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும். உன் தம்பி இந்நேரம் உனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருப்பான், அம்மாவுக்குப் புத்தி பிசகிப் போச்சு என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பான். அவன் சொன்னதில் முதல் பாதி உண்மை. நேற்று கோயிலில் உன் பெயருக்குத் தடை சொன்னது நான்தான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பிறகு ஒருவரும் மாற்றிச் சொல்லக் கூடாது. நம் பொருநைச் சபைகளின் சங்கத்துக்கு நிர்வாகச் செயலாளர் வேண்டும் என்று சங்கப் பத்திரிகையில் போட்டபோது எனக்கு நம்பிக்கையே இல்லை. அந்த நாற்காலி எப்போதும் அவர்களுக்குள்ளேயே மாமன் மச்சான் என்று கைமாறுகிறதுதானே. நீ மனுப் போட்டேன் என்றதும், கம்ப்யூட்டரிலேயே உட்காரவைத்து ஏழெட்டுப் பேர் கேள்வி கேட்டார்கள் என்றதும், கடைசியில் உன்னைத்தான் எடுத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றதும், நான் யாரிடமும் சொல்லவில்லை, கோழிக்கூட்டை அடைத்துவிட்டு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. வேதமாணிக்கம் செயலாளர் உயிரோடிருந்து இதைப் பார்க்கவில்லையே என்ற ஆத்திரத்தில் அழுதேன். உன் அப்பா இந்தச் சபைக்கு உபதேசியாராக ஊழியம் செய்துகொண்டிருக்கும்போதே மஞ்சள்காமாலையில் போனபோது நீ ஐந்தாம் வகுப்பு, உனக்கு நினைவிருக்கும், எபிக்குத்தான் ஒன்றும் தெரியாது. அடக்கம் முடிந்த மறுவாரமே அந்த மனுஷன் வந்து, அடுத்த உபதேசியார் வருகிறார், சபை வீட்டை ஒழித்துக் கொடு என்றான். மழை நாள். கட்டிலையும் ஆட்டுரலையும் கோயில் வாசலில் கொண்டு போட்டார்கள், உன் அப்பாவின் வேதபுத்தகத்தை அவனே எடுத்துக் கட்டில் மேல் வைத்து மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினான், வேதத்தை நனையவிடக் கூடாதாம். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னான், நானா இருக்கப் போயிதாம்மா இத்தன நாளு விட்டேன், வேற ஆளா இருந்தா அன்னைக்கே எறக்கியிருப்பான். அந்தச் சொல் இன்னும் என் காதில் கிடக்கிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் சங்க வழக்கம் உனக்குத் தெரியும். பெரிய உத்தியோகத்துக்கு எடுக்கிறவர்களின் பெயரைக் கல்யாண ஓலை வாசிக்கிறது மாதிரி சொந்த ஊர்க் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், தடை உள்ளவர்கள் எழும்பிச் சொல்லலாம் என்பார்கள், ஒருவரும் எழும்புவதில்லை, அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். முதல் ஞாயிறு உன் பெயரை வாசித்தபோது நான் கரை போட்ட வெள்ளைப் புடவை உடுத்தி முன் வரிசையில் இருந்தேன். கிருபாநல்லூர் காலஞ்சென்ற உபதேசியார் தேவகிருபையின் மகள் தங்கக்கனி என்று நம் சபைப் பாதிரி ஐயர் வாசித்தார். உன் அப்பா பெயர் அந்தக் கோயிலுக்குள் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. ஆராதனை முடிந்ததும் தேர்வுக் கமிட்டித் தலைவர் தனசிங் நம் வீட்டைத் தேடி வந்தான். வேறு யார், வேதமாணிக்கம் மகன்தான். ஆப்பிளும் ஒரு டப்பா சத்துமாவும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சித்தி சித்தி என்றான். எந்த வழியில் நான் இவனுக்குச் சித்தி என்று யோசித்துக்கொண்டே காப்பி போட்டுக் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அவன் சொன்னான், அதையும் சொல்லிவிட வேண்டும், அவனுக்குக் கள்ளம் இல்லை, அவ்வளவு கூடப் புத்தி இல்லை. வண்ணார்பேட்டையில் சங்கத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற போர்டிங்குக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீட்டு வரிசையை இடித்துவிட்டு வாடகைக்குக் கடை கட்டப் போகிறார்களாம். அங்கே இருக்கிறவர்கள் யார், சங்கத்துக்குச் சோறு பொங்கிக் கை கருகின கிழவிகளும், உபதேசியார் செத்துப்போன விதவைகளும். கேஸ் கீஸ் என்று போகக் கூடாதே என்றுதான் இவ்வளவு நாள் கை வைக்கவில்லையாம். தனசிங் சொன்னான், மத்தவன் கையெழுத்துப் போட்டா கொடி புடிச்சிக்கிட்டு வருவானுவ சித்தி, நம்ம கனி போட்டா ஒரு பய வாயத் தொறக்க மாட்டான், உபதேசியார் மகள்லா, அதுவும் வீடு ஒழிஞ்சு வந்த குடும்பம், அவளே சொல்லுதான்னா சரியாத்தாம் இருக்கும்னு போயிருவாவ. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, சீனி கொஞ்சம் கூடிட்டு சித்தி, என்றான்.

உன் படிப்புக்கும் ஆஸ்பத்திரியை நடத்துகிற திறமைக்கும் எடுத்தார்கள் என்று நான் புடவை உடுத்திப் போனேன் கனி. அவர்கள் எடுத்தது அன்றைக்கு நாம் மழையில் நின்றதற்காக. அதுதான் அவர்களுக்கு வேண்டிய தகுதி. சரி, அவர்கள் அப்படித்தான், என் மகளுக்குத் தெரியாது என்று நினைத்து அன்று சாயந்தரமே உனக்குப் போன் பண்ணினேன். நான் எதுவும் சொல்லவில்லை, போர்டிங் வீட்டைப் பற்றி ஏதாவது பேசினார்களா என்று மட்டும் கேட்டேன். நீ என்ன சொன்னாய். இன்டர்வியூலயே கேட்டாங்கம்மா, நான் சரின்னுட்டேன், நான் போடலைன்னா இன்னொருத்தர் போடத்தான் போறாங்க, நானா இருந்தா அவங்களுக்கு வேற இடமாவது பார்த்துக் கொடுப்பேன், என்றாய். நானா இருந்தா. அதே சொல்லை உன் வாயில் கேட்டேன். வடக்கே இருந்து உன் பேச்சு மாறிப்போனதற்கு நான் வருத்தப்பட்டதில்லை, இதற்கு வருத்தப்பட்டேன். வேறு இடம் என்று நீ சொன்னது மணிமுத்தாற்றுப் பக்கம் சங்கத்தின் பழைய கட்டடமாம், எபியிடம் விசாரித்தேன். கண் தெரியாத கிழவிகள் ஒரு மாத்திரைக்கு அம்பாசமுத்திரம் வர வேண்டும், பஸ்ஸை விட்டால் குரங்கோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாம் ஞாயிறு வாசித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் எபி கடைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி வண்ணார்பேட்டைக்கு அந்த ஓட்டு வீடுகளைப் பார்த்துவரப் போனேன். உன் போதாத காலம், முதல் வீட்டு வாசலில் மரியம்மாள் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். போர்டிங் சமையலில் என்னோடு இருந்தவள், மீந்த சோற்றை நான் உங்கள் இருவருக்கும் தூக்குவாளியில் கொண்டுவந்ததை வார்டனிடம் போய்ச் சொன்ன அதே மரியம்மாள்தான். அன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை, நற்கருணைக்கு அவள் வலப்பக்கம் போனால் நான் இடப்பக்கம் போவேன். அவள் என்னிடமா பேசுவாள், மடியில் கிடந்த பூனையிடம் பேசினாள். ஏ பூனை, யாரு வந்திருக்கா பாத்தியா, மவராசி வந்திருக்கா, மகளுக்கு உத்தியோகம் ஆவுதுல்லா, நம்மள வெளிய தள்ளுததுக்கு முன்ன இடத்த அளந்துட்டுப் போவ வந்திருக்கா, நீ பைய எந்திரிச்சி வழி விடு. மரியம்மாளிடம் நான் தோற்றதே இல்லை, எதற்கும் பதில் வைத்திருப்பேன். அன்றைக்கு அவள் கையில் இருந்த கீரையையே பார்த்தேன். அவளுக்கு ஒரு கண் முழுக்க மங்கிவிட்டது, கீரையோடு காம்பையும் சேர்த்துப் போடுகிறாள். மகன் மார்ட்டின் கூடங்குளத்தில் வேலைக்கு இருக்கிறான், குவார்ட்டர்ஸில் இடம் இல்லை என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு வந்து மூன்று பஸ்ஸை விட்டேன்.

நேற்று மூன்றாம் ஞாயிறு. ஐயர் சின்னப் பையன், எல்லாவற்றையும் வேகமாக வாசிப்பவர், தடை உள்ளவர்கள் என்று சொல்லி முடிக்கும் முன்னாலேயே பாட்டு நம்பரைச் சொல்லப் போய்விட்டார். நான் எழும்பினேன். எனக்குத் தலைசுற்றல் என்று நினைத்து யாருக்கோ கை காட்டித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தண்ணீ வேண்டாம் ஐயரவாள், எனக்குத் தடை உண்டும், என்றேன். எபி புடவையைப் பிடித்து இழுத்தான், ஏம்மா, உக்காரு, சோலியக் கெடுத்திராத, என்று பல்லைக் கடித்தான். நீ வந்தால் அவன் பெண்டாட்டிக்குச் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான், அந்தக் கணக்கு உனக்கும் தெரியும். தனசிங் எழும்பி, சித்திக்கு வயசாயிட்டு ஐயரே, வீட்ல வச்சிப் பேசிக்கிடலாம், என்று சிரித்தான். நான் சொன்னேன், வயசாயிட்டுதாம்வே, மறதிதான் இன்னும் வரல, எங்க கட்டில வெளிய போட்ட அன்னைக்கு உங்க அப்பா போட்டிருந்த சட்டையில எத்தனாவது பொத்தான் இல்லன்னு சொல்லட்டுமா. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஐயரைப் பார்த்துச் சொன்னேன், விதவைகளை வீட்டைவிட்டு இறக்கக் கையெழுத்துப் போடுவதாக ஒத்துக்கொண்டதனால் இந்தப் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள், போடமாட்டேன் என்று அவள் இந்தச் சபை முன்னால் வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் என் தடை நிற்கட்டும். தடை சொல்லுகிறவர் யார், பிள்ளைக்கு என்ன உறவு என்று எழுத வேண்டுமாம். ஐயர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். தாயார்னு எழுதுங்க, என்றேன்.

வெளியே வந்தபோது மரியம்மாள் வாசலில் நின்றாள், நான் எழும்பின உடனே யாரோ அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லி ஆட்டோவில் கூட்டிவந்திருக்கிறார்கள், இந்த ஊரில் அதற்கு மட்டும் ஆள் உண்டு. என் கையைப் பிடிக்க வந்தாள். உனக்காக இல்ல, என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். நிஜமாகவே அவளுக்காக இல்லை. உனக்காக என்றால் நீ நம்புவாயா தெரியாது. நீ இங்கே வந்து சேர வேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர்கள் யார் இருக்கிறார்கள். எபி நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை, மருமகள் தட்டைச் சத்தமாக வைக்கிறாள். எனக்கு முடியாமல் போனால் தண்ணீர் கொடுக்க நீதான் வர வேண்டும், அதைத் தெரிந்துகொண்டுதான் எழும்பினேன். ஆனால் நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நானா இருக்கப் போயிதான் இவ்வளவு நாள் விட்டேன் என்று மரியம்மாளிடம் சொல்வதை நான் உயிரோடு இருந்து கேட்கமாட்டேன். அதை அவள் மன்னித்தாலும் நான் மன்னிக்கமாட்டேன், என்னை உனக்குத் தெரியும்.

தடை விழுந்தால் சங்கத் தலைவரே ஊருக்கு வந்து சபை முன்னால் இருவரையும் நிறுத்தி விசாரிக்க வேண்டும். அது அடுத்த மாதம் முதல் ஞாயிறு என்று ஐயர் சொல்லி அனுப்பினார். உன்னை வரச் சொல்லி ஆபீசிலிருந்து எழுதுவார்கள். தனசிங் உனக்கு முன்னாலேயே போன் பண்ணி, அம்மா தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று ஒரு வரி எழுதிக் கொடு, முடித்துவிடலாம் என்பான். எழுதிக் கொடுக்காதே. வா. என்னைத்தான் முதலில் எழுப்பிக் கேட்பார்கள், பிறகு உன்னை. நீ அம்மா என்று என் முகத்தைப் பார்த்துத் தொடங்காதே, சபையைப் பார்த்துச் சொல். போடமாட்டேன் என்று நீ சொன்னால் அந்த இடத்திலேயே என் தடையை எடுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகும் அவர்கள் உன்னை வைத்துக்கொள்வார்களா என்பது அவர்கள் பாடு, எனக்கு நம்பிக்கை இல்லை. போடுவேன் என்று நீ சொன்னால் நான் மறுபடியும் எழும்புவேன், எத்தனை விசாரணை வைத்தாலும் எழும்புவேன். எதைச் சொன்னாலும் மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்தான், எபி வீம்பு பண்ணினால் நான் தனியாகப் பொங்குவேன்.

உன் அப்பாவின் தேவன் உன் நாவைக் காக்கட்டும், மாப்பிள்ளைக்கும் பெனிஷாவுக்கும் நீண்ட ஆயுசையும் பெலத்தையும் தரட்டும், உன் கை தொட்ட காரியம் ஒருவர் கண்ணீரும் இல்லாமல் விளங்கட்டும். இரண்டு நாள் பயணம், ரயிலில் கீழ்ப் படுக்கை கேட்டு எடு, நாக்பூரில் பொட்டலச் சாப்பாடு வாங்காதே, போன தடவை என்ன ஆனது என்று தெரியும். சனிக்கிழமை இருட்டுக்கு முன் வந்துவிடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே நடந்து போவோம், உள்ளே போனதும் நீ உன் இடத்தில் இரு, நான் என் இடத்தில் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா சவுந்தரத்தாய்,
கிருபாநல்லூர் சபை அங்கத்தினர்.