அப்பாவின் ஓம்

ஸ்ட்ரெதம், லண்டன்
29.04.1990

அன்பு மகள் மலருக்கு,

இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே நீயும் மருமகனும் குஞ்சுவும் முழங்கால் உட்பட சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போன கிழமை நீ ரெலிபோன் எடுத்து, லண்டனை விட்டு ரொறொன்ரோவுக்கே வந்து எங்களோடு இருங்கோ என்று கேட்டதற்கு அப்பா ஓம் சொல்லிவிட்டார். உடனே நீ, ரிக்கற் பார்க்கப் போறன் என்று துள்ளினாய். பொறு பிள்ளை. ரிக்கற் எடுக்க முதல் இந்தக் கடிதத்தை முழுக்க வாசி. இந்த மாதம் அப்பாவின் ஓம் எங்களை என்ன பாடு படுத்தியது என்று தெரிந்தால் நீயே ஆறுதலாக யோசிப்பாய்.

எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரக் கொம்பனி, வாடகைக்கு விட்டது போதும், பிளாட்டுகளைத் திருத்தி ஒவ்வொன்றாக விற்கப் போகிறோம் என்று கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருந்தது. உங்கள் ஊரில் கொண்டோ என்பீர்களே, அந்த மாதிரி. இருக்கிறவர்கள் விரும்பினால் வாங்கலாம், விரும்பாவிட்டால் வேறு இடம் பார்க்கலாம் என்று வெகு மரியாதையாகச் சொன்னார்கள். வாங்குவதற்கு நாங்கள் என்ன நகைக்கடையா வைத்திருக்கிறோம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மற்றவர்கள் வீட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு, அவர்கள் சமைத்து முடியும்வரை குசினி வாசலில் சட்டியோடு காத்து நின்றது உனக்குத் தெரியும். இந்தப் பிளாட்டில்தான் முதன்முதலாக நான் நினைத்த நேரத்தில் அடுப்பை மூட்டினேன். ஜன்னலால் பார்த்தால் பஸ் வருவது தெரியும், நான் சத்தம் போட அப்பா சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு இறங்குவார். இதை விட்டுவிட்டு இன்னொருத்தியின் குசினி வாசலுக்குப் போக என்னால் ஏலாது.

கவுன்சில் கூட்டத்தில் எங்கள் சார்பில் ஒருவர் பேசலாம் என்றார்கள். கீழ்வீட்டு யோகலிங்கம் வந்து, அண்ணை, நீங்கள்தான் மூத்தவர், எங்களுக்காக ஒருக்கால் கதைக்க ஏலுமோ என்று கேட்டார். அப்பா ரீவியில் ஸ்னூக்கர் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்றார். பந்து குழிக்குள் விழுந்த பிறகுதான், அவன் என்னப்பா கேட்டவன் என்று என்னிடம் விசாரித்தார். உனக்குத் தெரியும்தானே, ஆர் என்ன சொன்னாலும் அப்பா ஓம் ஓம் என்பார். காது கேட்கிறது என்று காட்டுவதற்கே தவிரச் சம்மதம் என்பதற்கு இல்லை. தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரைக் கவுன்சிலே ஒழுங்கு செய்கிறதாம். வீட்டை விற்கலாமோ என்று கேட்க இவர் ஓம் என்றால், அந்த மனிதன் அதை அப்படியே யெஸ் என்று மாற்றிக் கொடுத்துவிடுவான். ஆகவே ஒரு கிழமை முழுக்க அப்பாவுக்கு இல்லை என்று சொல்லப் பழக்கினேன். நன்றாகத்தான் பழகினார். சாப்பிடுறியளோ என்று கேட்டேன், இல்லை என்றார். சோற்றுக் கோப்பையை எடுத்து வைத்துவிட்டேன். பிறகு பசியில் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார்.

கூட்டத்தன்று கட்டடத்துச் சனம் எல்லாம் போய் அப்பாவுக்குப் பின்னால் இருந்தோம். மொழிபெயர்ப்பாளர் சுப்பிரமணியன் என்பவர், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், நெற்றியில் பட்டையாகத் திருநீறு. நாங்கள் ஓம் என்பதற்கு அவர்கள் ஆமா என்கிறவர்கள், அதை அந்த நேரம் ஒருவரும் யோசிக்கவில்லை. தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மா. அவர் சொல்லச் சொல்லச் சுப்பிரமணியன் தமிழில் சொன்னார். ஒவ்வொரு வசனத்துக்கும் அப்பா ஓம் என்றார். எங்கள் சனமும் சும்மா இருக்குமோ, பின்னால் இருந்து ஓம், ஓம் என்று இழுத்தது. கடைசியில், கம்பெனிக்காரங்க நீங்க எல்லாரும் ஒத்துக்கிட்டதா சொல்றாங்க, உங்களுக்குச் சம்மதமா என்று சுப்பிரமணியன் கேட்டார். நான் அப்பாவின் முதுகில் குத்தினேன். குத்திய வேகத்தில் அடிவயிற்றிலிருந்து ஓஓம் என்று வந்தது. பின்னால் அவ்வளவு பேரும் ஓஓம். என் குசினி போச்சு என்று கண்ணை மூடிவிட்டேன்.

திறந்து பார்த்தால் சுப்பிரமணியன் கைகூப்பி நிற்கிறார். அவர்கள் பதில் சொல்லவில்லை அம்மா, பிரணவ மந்திரம் சொல்லித் தங்கள் வீட்டுக்காகப் பிரார்த்தனை செய்கிறார்கள் என்று தலைவியிடம் இங்கிலீசில் சொன்னார். தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து தலை குனிந்தார். மற்ற உறுப்பினர்களும் எழுந்தார்கள், கொம்பனி வக்கீலும் வேறு வழியில்லாமல் எழுந்தார். வேதக்காரியான மேல்வீட்டு மேரிறோஸ் எல்லாரும் செபிக்கிறார்களாக்கும் என்று சிலுவை போட்டாள். எப்போது முடிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் கதிரையில் இருக்கப் போகும் நேரம் பார்த்து யோகலிங்கம், அண்ணை, முடிஞ்சுதோ என்று கேட்க, அப்பா ஓம் என்றார். திரும்பவும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சிரிப்பை அடக்கப் போய் என் சேலைத் தலைப்பு முழுக்க வாய்க்குள் போய்விட்டது.

கடைசியில் தலைவி, வீட்டுக்காக இப்படி உருகுகிறவர்கள் இந்தத் திட்டத்துக்கு ஒத்துக்கொண்டார்கள் என்றால் நான் நம்ப மாட்டேன் என்றார். அனுமதி இல்லை என்று முடிவாகிவிட்டது. பிறகு வந்த காகிதத்தில் கார் நிறுத்த இடம் போதாது என்றுதான் காரணம் எழுதியிருக்கிறது, அது கிடக்கட்டும். அப்பா இப்போது எல்லாம் யோசித்துத்தான் செய்தேன் என்று சொல்லித் திரிகிறார். சுப்பிரமணியன் வழியில் கண்டால் சுவாமி என்று கும்பிடுகிறார், இவரும் கையைத் தூக்கி ஆசீர்வதிக்கிறார்.

இனி உன் விஷயம். நீ ரெலிபோனில் கேட்ட நேரமும் ஸ்னூக்கர்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே அந்த ஓமைச் சுப்பிரமணியன் எடுத்த மாதிரியே எடுத்துக்கொள். உன்னையும் குஞ்சுவையும் பார்க்காமல் இருப்பது எனக்குக் கஷ்டம்தான், சில நாள் அழுவேன். ஆனால் உன் குசினி எவ்வளவு பெரிதென்றாலும் அது உன் குசினி பிள்ளை. இங்கே என்னுடையது ஒன்று தப்பிப் பிழைத்து நிற்கிறது. கோபிக்காதே. ஆவணியில் நீங்கள் மூவரும் வாருங்கள், விரும்பிய நேரமெல்லாம் சமைத்துப் போடுகிறேன். குஞ்சுவுக்கு ஐஸ்தண்ணி கொடுக்காதே, மருமகனைக் காரை மெதுவாக ஓட்டச் சொல். மூவரும் நோய் நொடியின்றி நிறைவாக வாழ எங்கள் ஆசீர்வாதம். வரும்போது எனக்கு ஒரு நல்ல தோசைச் சட்டி மறவாமல் கொண்டு வா.

உன் அன்பு அம்மா
சிவனேஸ்வரி தியாகராஜா

பி.கு: கடிதத்தை ஒட்ட முதல், பிள்ளைகளை ஆவணியில் வரச் சொல்லி எழுதினனான், சரியோ என்று அப்பாவிடம் கேட்டேன். எழும்பிப் போய் ரீவியை நிற்பாட்டிவிட்டு வந்து ஓம் என்றார். இதற்கு நீ தாராளமாக ரிக்கற் எடுக்கலாம்.